ஹீரோ, வில்லன், தராசு: அரசியலில் நிதானம் என்றால் என்ன?

அரசியல் பேச்சு சூடாகும்போது இரண்டு வசவுகள் தவறாமல் வந்துவிடும். ஒரு தலைவரைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பவரை "வெறியர்" என்பார்கள். எந்தப் பக்கமும் சேராமல் பேசுபவரை "மதில்மேல் பூனை" என்பார்கள். முதல் வசவை வாங்கியவர் தன்னைக் கொள்கைப் பிடிப்புள்ளவராக நினைத்துக்கொள்கிறார். இரண்டாவதை வாங்கியவர் தன்னை நிதானமானவராக நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் இருவர் போடுவதும் தப்புக் கணக்குதான்.

"நிதானம்" என்ற சொல்லை நாம் அவ்வளவு அசட்டையாகப் புழங்குகிறோம். குரலைத் தாழ்த்திப் பேசினால் நிதானம். இரு பக்கத்தையும் சம அளவு திட்டினால் நிதானம். கருத்தே சொல்லாமல் நழுவினால் அதுவும் நிதானம். என் கணக்கில் இந்த மூன்றுமே நிதானம் இல்லை. அது என்ன என்று பார்க்கும் முன், அதன் எதிராளியைப் புரிந்துகொள்வது நல்லது. அரசியலை நல்லவன், கெட்டவன் என்று இரண்டே பாத்திரங்களாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் அந்த எதிராளி. இதை இருமைப் பார்வை என்று வைத்துக்கொள்வோம்.

முக்கோணத்துக்கும் குணம் உண்டு

1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படத்தைக் காட்டி ஒரு சோதனை செய்தார்கள். படத்தில் ஆட்களே கிடையாது. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், கதவுபோல ஒரு பக்கம் திறந்து மூடும் ஒரு பெட்டி. வடிவங்கள் நகரும், மோதும், பெட்டிக்குள் போகும், வெளியே வரும். அவ்வளவுதான் படம்.

பார்த்தவர்களிடம் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். முதல் குழுவில் 34 பேர். அவர்களில் ஒரே ஒருவர்தான் கிட்டத்தட்ட முழுக்க வடிவங்களின் அசைவாகவே அதை விவரித்தார். மற்ற எல்லாரும் உயிருள்ளவர்களின் கதையாக எழுதினார்கள். பெரிய முக்கோணம் முரடன், அடாவடிப் பேர்வழி. சின்னது எதிர்த்து நிற்கிறது. வட்டம் பயந்து ஓடுகிறது.

கோடுகளால் வரைந்த உருவத்திலேயே அடாவடிக்காரனைக் கண்டுபிடிக்கும் மனம், கூட்டணியும் தேர்தலும் பட்ஜெட்டும் வந்தால் சும்மா இருக்குமா? ஏதாவது அசைந்தால், "யார் இதைச் செய்தது, எதற்காகச் செய்தார்கள்?" என்று மனம் தானாகவே கேட்கிறது. இதைப் படிப்பறிவில்லாதவர்களின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கல்லூரி மாணவர்கள்.

நான் செய்தால் அவசரம், நீ செய்தால் திமிர்

சாலையில் ஒருவர் உங்களை உரசுவதுபோல வண்டியை நுழைத்துக்கொண்டு போகிறார். "திமிர் பிடித்த ஆள்" என்று வாய்வரை வந்துவிடும். அதையே நேற்று நீங்கள் செய்திருப்பீர்கள். அப்போது மருத்துவமனைக்கு நேரமாகிவிட்டது, அல்லது பக்கத்தில் வந்தவர் கண்ணில் படவில்லை. நம் தவறுக்குச் சூழ்நிலை காரணம், பிறர் தவறுக்கு அவர்களுடைய குணமே காரணம் என்று தீர்ப்பெழுதும் இந்தப் பழக்கத்துக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. தமிழில் அதைக் குணக் கற்பிதம் என்று சொல்லலாம்.

அரசியலில் இது அப்படியே பெரிதாகிறது. நம் கட்சி வாக்குறுதியைக் காப்பாற்றவில்லை என்றால் கஜானா காலி, கூட்டணி நெருக்கடி, அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை. எதிர்க்கட்சி காப்பாற்றவில்லை என்றால் அவர்கள் ஏமாற்றுக்காரர்கள், பிறவியிலேயே அப்படி.

இதோடு இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. 1920-இல் எட்வர்ட் தார்ண்டைக் என்பவர், ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்வாகு, புத்திக்கூர்மை, தலைமைப் பண்பு, நடத்தை என்று தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர் மற்றவற்றிலும், நம்ப முடியாத அளவுக்கு, உயர்ந்தே இருந்தார். ஒரு நல்ல குணம் தெரிந்ததும் மற்ற எல்லாவற்றையும் அதே வெளிச்சத்தில் பார்க்கும் இந்தக் கோளாறுதான் ஒளிவட்ட விளைவு. நன்றாகப் பேசும் தலைவருக்குப் பொருளாதாரமும் தெரிந்திருக்கும் என்று நாம் நம்பிவிடுவது இதனால்தான். இது தலைகீழாகவும் வேலை செய்யும். ஒருவரை வேண்டாதவர் என்று முடிவுகட்டிவிட்டால் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். அவர் நல்லது செய்தால் அது நாடகம்.

அணி பிரிந்துவிட்டால்

1970-களின் தொடக்கத்தில் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். 14, 15 வயதுப் பையன்கள். திரையில் மின்னி மறையும் புள்ளிகள் எத்தனை என்று ஊகிக்கச் சொன்னார். பிறகு, அதிகமாக ஊகித்தவர்கள் ஒரு குழு, குறைவாக ஊகித்தவர்கள் ஒரு குழு என்று சொல்லிப் பிரித்தார். உண்மையில் ஊகத்துக்கும் பிரிப்புக்கும் சம்பந்தமே இல்லை. யார் யார் தன் குழுவில் இருக்கிறார்கள் என்றும் பையன்களுக்குத் தெரியாது. அப்புறம் மற்றவர்களுக்குப் பணமாக மாறும் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார். தனக்கென்று எடுத்துக்கொள்ள வழியில்லை.

பையன்கள் தங்கள் குழுவுக்குச் சாதகமாகப் பங்கிட்டார்கள். இது எதிர்பார்க்கக்கூடியதுதான். என்னை உறுத்துவது, இதேபோல இன்னொரு அற்பக் காரணத்தைச் சொல்லிப் பிரித்து அவர் அடுத்துச் செய்த சோதனையின் கண்டுபிடிப்பு. எல்லாருக்குமே அதிகம் கிடைக்கும் வழி இருந்தபோதும், தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட எவ்வளவு அதிகம் என்பதே முக்கியம் என்கிற பக்கம் அவர்கள் சாய்ந்தார்கள். பரம்பரைப் பகை இல்லை, கொள்கை இல்லை, கொடி இல்லை. வெறும் பெயருக்கு ஒரு பிரிப்பு. அணி என்று ஒன்று இருந்தாலே போதும், அதன் பக்கம் மனம் சாய்ந்துவிடும். இது அணிச்சார்பு.

அணிச்சார்பு நம் கண்ணையே மாற்றிவிடும். 1951 நவம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகளுக்கு இடையே ஓர் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நடந்தது. முரட்டு ஆட்டம், இரு தரப்பிலும் காயம். பிறகு ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற ஆய்வாளர்கள் இரு கல்லூரி மாணவர்களுக்கும் அதே ஆட்டத்தின் படத்தைப் போட்டுக்காட்டி விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே படச்சுருள்தான், அவரவருக்குத் தெரிந்தது வேறு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மனம் எதிலும் ஒரு கதையைத் தேடும். கதையில் பிறர் தவறைக் குணமாக எழுதும். ஒரு குணத்தை வைத்து முழு ஆளையும் வண்ணம் பூசும். அணி பிரிந்துவிட்டால், பூசிய வண்ணத்துக்குத் தோதான சாட்சியையும் கண்ணே கொண்டுவந்து தரும்.

இதில் என்ன சுகம்?

கோளாறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. இருமைப் பார்வை நமக்கு நிஜமாகவே சில உதவிகள் செய்கிறது.

ஒன்று, வேலையை மிச்சப்படுத்துகிறது. வரிக் கொள்கையைப் படிக்க ஒரு வாரம் வேண்டும். அதைக் கொண்டுவந்தவர் நல்லவரா கெட்டவரா என்று முடிவெடுக்க ஒரு நொடி போதும். அடுத்து, கோபத்துக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. "பல காரணங்கள் சேர்ந்து இப்படி ஆகிவிட்டது" என்பதைவிட "இவனால்தான்" என்பது மனதுக்கு எவ்வளவோ ஆறுதல். எல்லாவற்றையும்விட, கதையில் நமக்கு ஒரு பாத்திரம் கிடைத்துவிடுகிறது. வில்லன் இருந்தால்தானே நாம் நல்லவர் பக்கம் நிற்க முடியும்?

கூட்டம் சேர்க்கவும் இது உதவும். எந்த மாபெரும் போராட்டமும் புள்ளிவிவர அட்டவணையைக் காட்டி மக்களைத் தெருவுக்கு அழைத்துவரவில்லை.

இன்று இதற்குச் சமூக ஊடகத்தின் பலமும் சேர்ந்திருக்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாடு, தன்பாலினத் திருமணம், பருவநிலை மாற்றம் ஆகியவை பற்றிய ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு பதிவில் தர்மாவேசச் சொல் ஒவ்வொன்று கூடும்போதும் அது பகிரப்படுவது சுமார் 20 சதவீதம் கூடியது. அறமும் உணர்ச்சியும் கலந்த "வெட்கக்கேடு", "கேவலம்" போன்றவைதான் அந்த மாதிரிச் சொற்கள். ஆனால் அந்தப் பரவல் பெரும்பாலும் சொந்த அணிக்குள்ளேயே நடந்தது. எதிர்த் தரப்பை மாற்ற எழுதுவதாக நினைத்துக்கொண்டு நம் ஆட்களையே சூடேற்றிக்கொண்டிருக்கிறோம்.

வில்லனே இல்லாத நெரிசல்

2008-இல் ஜப்பானில் யூகி சுகியாமா என்ற இயற்பியலாளரும் அவர் குழுவும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். ஓட்டுநர்களுக்கு ஒரே அறிவுரை: சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போங்கள். பள்ளம் இல்லை, சிக்னல் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் யாரோ லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் நின்றேவிட்டார். நெரிசல் பிறந்துவிட்டது. பிறந்த நெரிசல் வட்டத்தில் பின்நோக்கி நகர ஆரம்பித்தது. முன்னால் ஒரு கார் விடுபட, பின்னால் ஒரு கார் மாட்டிக்கொள்ளும்.

இதில் வில்லன் யார்? 22 பேரில் ஒருவரைக் கூண்டில் ஏற்றுங்கள் என்றால் யாரை ஏற்றுவீர்கள்? ஓர் ஓட்டுநரை இறக்கிவிட்டு இன்னொருவரை உட்காரவைத்தாலும் அதே இடைவெளி, அதே அடர்த்தி, அதே தடுமாற்றம்தான். இங்கே மாற்ற வேண்டியது கார்களின் எண்ணிக்கையை, இடைவெளியை, பிரேக் பிடிக்கும் பழக்கத்தை.

வீட்டு வாடகை ஏறுவது, வேலைவாய்ப்பு குறைவது, அரசு அலுவலகத்தில் கோப்பு நகராமல் கிடப்பது என்று அரசியல் பிரச்சினைகளில் பல இந்த வகைக் கலவைதான். உள்ளே அயோக்கியர்களும் இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களை விரட்டினாலும் அமைப்பு அப்படியே இருந்தால், புதிதாக வருபவரும் அதே இடத்தில்தான் பிரேக் பிடிப்பார். ஹீரோ வந்து வில்லனை விரட்டிய பிறகும் எதுவும் மாறாதபோது, கதைக்குப் பழகிய மனம் அமைப்பைச் சந்தேகப்படாது. அடுத்த வில்லனைத் தேடும். பல சமயம் நேற்றைய ஹீரோவே அந்தப் பாத்திரத்துக்குக் கிடைத்துவிடுவார்.

சரி, அப்படியானால் நடுவில் நிற்பதா?

இங்கேதான் இன்னொரு குழப்பம். இருமைப் பார்வை தப்பு என்றதும், "அப்போ உண்மை எப்போதும் நடுவில்தான் இருக்கும்" என்று பலர் தாவிவிடுகிறார்கள். இது முன்னதைவிட மோசமாகக்கூட முடியும்.

கணக்கிலேயே பாருங்கள். ஒருவர் 10 கேட்கிறார், மற்றவர் 20 கேட்கிறார், நடு 15. இரண்டாமவர் தந்திரசாலி, 100 என்று கேட்கிறார். இப்போது நடு 55. நியாயம் இம்மியும் நகரவில்லை, கூச்சம் இல்லாதவர் கேட்டதால் நடு நகர்ந்துவிட்டது. எப்போதும் நடுவைத் தேடுபவரை நகர்த்துவது மிகச் சுலபம், ஒரு பக்கத்தை வெகுதூரம் இழுத்தால் போதும்.

வரலாற்றில் இதற்கு ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. 1787-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியபோது, நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடும் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளைச் சேர்ப்பதா என்ற சண்டை வந்தது. அடிமைகளை வைத்திருந்த தென் மாநிலங்கள், இடங்கள் அதிகம் கிடைக்கும் என்பதால், முழுமையாக எண்ணச் சொன்னன. வட மாநிலங்களில் பலர் எண்ணவே கூடாது என்றார்கள். கடைசியில் ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்கு ஆள் என்று ஒப்பந்தம் ஆனது. பேச்சுவார்த்தை மேசையில் அது நடுவான இடம்தான். ஆனால் யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்கள் அந்த அறையிலேயே இல்லை. யாருக்கும் யாருக்கும் இடையே நடு என்று கேட்காமல் நடுவைத் தேடினால் இப்படித்தான் ஆகும். 1963-இல், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், "இப்போது வேண்டாம், பொறுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த வெள்ளை மிதவாதிகளைக் கடுமையாகச் சாடினார். அமைதி கெடக் கூடாது என்ற கவலையில் நியாயத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது அவர் குறை. அந்தக் குறை இன்றும் பலருக்குப் பொருந்தும்.

அப்படியானால் நிதானம் என்பது எது? தராசைப் பாருங்கள். எடை வைக்கும் முன் முள் நடுவில் நிற்க வேண்டும். வைத்த பிறகு கனத்த பக்கம் சாய வேண்டும். எடை வைத்த பிறகும் நடுவிலேயே நிற்கும் தராசைப் பழுது என்று ஓரம் கட்டுவோம். எடை வைக்கும் முன்பே சாய்ந்திருந்தால் அதுவும் பழுது. இருமைப் பார்வை இரண்டாவது பழுது, மதில்மேல் பூனை முதல் பழுது. எடை பார்க்கும்வரை சாயாமல் இருப்பதும், பார்த்த பிறகு சாயத் தயங்காமல் இருப்பதும் சேர்ந்ததுதான் நிதானம்.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எந்தக் கட்சியோடும் ஒட்டாதவரை "ட்ரிம்மர்" என்று இழிவாகச் சொன்னார்கள். (இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் தாடிதான் நினைவுக்கு வரும்.) அக்கால அரசியல்வாதியான ஹாலிஃபாக்ஸ் பிரபு அந்த வசவை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு ஒரு படகைக் காட்டினார். ஒரு சாரார் ஒரு பக்கம் அழுத்த, இன்னொரு சாரார் மறுபக்கம் அழுத்தும்போது, படகு சமமாகப் போனால் என்ன என்று நினைப்பவனே ட்ரிம்மர் என்றார். படகில் போனவர்களுக்குத் தெரியும், படகைச் சமப்படுத்த நடுவில் உட்கார்ந்தால் பிரயோஜனமில்லை. கனம் குறைந்த பக்கத்துக்கு நகர வேண்டும்.

சுருக்கமாக: நிதானம் ஓர் இடம் இல்லை, ஒரு செய்முறை. அதன் முடிவு சில நேரம் முழுக்க ஒரு பக்கமாகவே இருக்கும்.

1992-இல் ஒரு கம்யூனிஸ்ட்

இதை நடப்பில் பார்க்க எனக்குப் பிடித்த உதாரணம் தென்னாப்பிரிக்காவின் ஜோ ஸ்லோவோ. அவர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆயுதப் பிரிவில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர். அவர் மனைவி ரூத் ஃபர்ஸ்ட் 1982-இல் மொசாம்பிக்கில் தபாலில் வந்த குண்டு வெடித்து இறந்தார். அனுப்பியது தென்னாப்பிரிக்கப் போலீஸ். வில்லனைக் கண்ணெதிரே பார்த்த ஒருவர் உண்டென்றால் அது இவர்தான். நிறவெறி முறை தீமையா என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை. தராசு முழுக்கச் சாய்ந்துவிட்டது.

1992-இல் நிறவெறி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தை முட்டி நின்றபோது, அதே ஸ்லோவோ ஒரு யோசனை வைத்தார். தேர்தலுக்குப் பிறகு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் பழைய ஆளுங்கட்சியோடு அதிகாரத்தைப் பகிர்வது, பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உத்தரவாதம் தருவது. காலக்கெடு முடிந்ததும் தானே மறைந்துவிடும் என்பதால் இதை அந்திச் சட்டப்பிரிவு (sunset clause) என்றார்கள். சொந்த அணியிலேயே எதிர்ப்பு கிளம்பியது. அவர் வாதம் எளிமையானது: எதிரி இன்னும் தோற்றுவிடவில்லை. ராணுவமும் போலீசும் நிர்வாகமும் அவர்கள் கையில். தோற்ற எதிரியிடம் பேசுவதுபோல இப்போது பேச முடியாது.

அவர் எதை விட்டுக்கொடுத்தார், எதை விடவில்லை என்று கவனியுங்கள். சம்பளம், பதவி, காலம் ஆகியவற்றில் இறங்கிவந்தார். ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதில் இறங்கவில்லை. யார் செய்தது தப்பு என்ற கேள்வியையும், இப்போது எது நடக்கும் என்ற கேள்வியையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை. 1994 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. மண்டேலா அதிபர் ஆனார், பழைய ஆட்சியின் கடைசி அதிபர் டி கிளர்க் துணை அதிபர்களில் ஒருவர் ஆனார். ஸ்லோவோ வீட்டுவசதி அமைச்சராகச் சில மாதங்களே இருந்து 1995 ஜனவரியில் இறந்தார். அந்த உடன்பாட்டில் பொருளாதார ஏற்றத்தாழ்வு அப்படியே தங்கிவிட்டது என்ற விமர்சனம் இன்றும் உண்டு, அதில் கனமும் உண்டு. நிதானம் விலை இல்லாமல் கிடைப்பதில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க

ஒரு செய்தி கோபமூட்டினால் நான் செய்யும் முதல் வேலை, பெயரை மூடுவது. அதே காரியத்தை என் தரப்பு ஆள் செய்திருந்தால் என்ன சொல்வேன்? பதில் மாறினால், நான் எடை போட்டது காரியத்தை அல்ல, ஆளை. இரண்டாவது கேள்வி, இந்த வில்லன் நாளைக்கே காணாமல் போனால் பிரச்சினையில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? பெரும்பகுதி மிச்சம் என்றால் அது வட்டப் பாதை நெரிசல் வகை. ஒன்றும் மிச்சமில்லை என்றால் அவர் நிஜமாகவே வில்லன், தயங்காமல் சொல்லலாம்.

எல்லா நாளும் இது கைகூடுவதில்லை. எனக்குப் பிடிக்காத ஓர் அரசியல்வாதி பேசிய 20 விநாடி வீடியோ ஒன்று வந்தது. பார்த்த கையோடு நண்பர்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த நாள்தான் முழுப் பேச்சு கிடைத்தது. வேறொருவர் சொன்னதை மேற்கோள் காட்டி அதை மறுத்திருக்கிறார் மனிதர், வெட்டியவர்கள் மறுப்பை விட்டுவிட்டார்கள். "நான் அனுப்பியது தவறு, முழுப் பேச்சில் அர்த்தம் வேறு" என்று அதே குழுவில் எழுதினேன். ஒருவர், "எப்போ கட்சி மாறினே?" என்றார். இன்னொருவர், "இந்த ஒன்றில் தப்பிச்சிட்டான், அதனால் நல்லவன் ஆயிடுவானா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, ஆகிவிட மாட்டார்தான். வீடியோ போனபோது வந்த சிரிப்புப் பொம்மைகள் முப்பதுக்கு மேல் இருக்கும். திருத்தத்துக்கு வந்தவை இந்த இரண்டு பதில்கள், பிறகு இரவு பத்து மணிக்கு மூன்றாவதாக ஒன்று: "முழுப் பேச்சு எங்கே இருக்கு? அனுப்பு."